பன்னிரண்டாம் தேதிப் படிவம்

அணுமின் நிலையப் பராமரிப்புப் பொறியாளரும் என் வீட்டுக்காரருமானவருக்கு,

நேரில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னக் கோளாறுக்கும் எட்டு மாதம் கோப்பு சுற்ற வேண்டாம், ஆபத்து குறைந்ததை ஒரு பக்கப் படிவத்தில் முடிக்கலாம் என்று பாதுகாப்பு ஆணையத்தில் இரண்டு வருடம் தொண்டை வறளக் கத்தியவள் நான். "போய்ப் பாக்காமலே டிக் அடிச்சிடுவாங்க மேடம்" என்று என்னோடு வேலை செய்யும் ஒருவர் சிரித்தார். "அங்க இருக்கிறவங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்றேன். உங்களை நினைத்துத்தான் சொன்னேன்.

இன்று அவரே, அந்தப் புது முறையில் வந்த முதல் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். படிக்கட்டு அவசர விளக்கில் பேட்டரி பலவீனம், ஆபத்து குறைவு. "பன்னிரண்டாம் தேதி நேரில் பார்த்தேன்" என்று உங்கள் கையெழுத்து.

அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல். நாள் முழுக்க அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்?

விளக்குதானே என்பீர்கள். விளக்கு கிடக்கட்டும். நாளைக்கு அணு உலையைக் குளிர்விக்கும் பம்பையும் வீட்டிலிருந்தே பார்ப்பீர்களா?

படிவத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அதில் காரணம் எழுதும் கட்டத்துக்குள், "அன்று இவர் வீட்டில் இருந்தார்" என்று நானே எழுதினேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?" என்றார். சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

இப்படிக்கு,
நேரில் பார்த்தவள்