காலை பஸ் வேகமாகப் போவது குறித்து

அனுப்புநர்:
எஸ். சண்முகவடிவு,
வடக்கு மாட வீதி,
திருவான்மியூர், சென்னை-41.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
போக்குவரத்துக் கழகம், சென்னை.

பொருள்: திருவான்மியூர் – தியாகராய நகர் காலை பஸ் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்துவிடுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஜவுளிக் கடையைத் திறக்கத் தினமும் மேற்படி பஸ்ஸில் செல்கிறேன். பொங்கல் கழிந்து பழைய வண்டிக்குப் பதிலாகப் புதியதை விட்டிருக்கிறீர்கள். அது சூடாகி நிற்பதில்லை. பாதி நிறுத்தங்களில் நிற்பதும் இல்லை. அதுதான் என் புகார்.

2. அடையாற்றில் ஏறி மயிலாப்பூரில் இறங்கும் நீரஜா, கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலச் சொற்களுக்குள் லத்தீன், கிரேக்க வேர்கள் இருப்பதை, ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்த அவர் எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். 'டெலி' என்றால் தொலைவு, 'போன்' என்றால் ஒலி. கடை டெலிபோனை எத்தனையோ வருடமாகத் துடைக்கிறேன் ஐயா, அன்றைக்குத்தான் அதன் பெயர் புரிந்தது. வந்த சந்தோஷத்தில், இறங்க வேண்டிய பனகல் பார்க்கைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

3. தங்கள் கழகத்தின் பெயரில் உள்ள 'டிரான்ஸ்போர்ட்'டும் தப்பவில்லை. 'டிரான்ஸ்' என்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், 'போர்ட்' என்றால் சுமப்பது. கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் கபாலி, "சொமக்கிறதுதான் நம்ம பொழப்புன்னு வண்டி மேலயே எழுதிக்கீதா?" என்றதும் பஸ்ஸே சிரித்தது. மறுநாளிலிருந்து "இன்னிக்கு இன்னா வேரு, அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழித்தார். 'எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட்' இரண்டையும் நானே பிரித்தேன்: வெளியே சுமப்பது, உள்ளே சுமப்பது. நீரஜா கைதட்டினார். எனக்கு அதற்கு முன் யாரும் கைதட்டியதில்லை.

4. பழைய வண்டி அடையாறு பாலத்தருகே கொதித்து நிற்கும். டிரைவர் ராஜரத்தினம் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் ஒரு வேர் ஆகிவிடும். இப்போதோ முன்னொட்டைச் சொல்லி முடிப்பதற்குள் மயிலாப்பூர் வந்துவிடுகிறது. மீதியை நீரஜா படிக்கட்டிலிருந்து கத்திவிட்டு இறங்குகிறார். ஆபீஸ் போகிறவர்கள் புதிய வண்டியைப் புகழ்வதை நான் மறைக்கவில்லை. ஆனால் எனக்குக் கடை திறந்தால் இரவு வரை கடை, பிறகு அடுப்படி. படிக்க இந்தப் பஸ்ஸை விட்டால் வேறு நேரம் கிடையாது.

5. ஆகவே, அந்த ஒரு நடைக்கு மட்டும் பழைய வண்டியையே விடுமாறு வேண்டுகிறேன். நிரந்தரமாகக் கேட்கவில்லை. சித்திரையில் நீரஜாவுக்குக் கல்யாணம்; முகூர்த்தப் புடவை எங்கள் கடையில்தான் எடுத்தார்கள். பிறகு கல்கத்தா போய்விடுவார். அதுவரை மெதுவாகப் போனால் போதும். அதற்கப்புறம் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

தங்கள் தினசரிப் பயணி,
எஸ். சண்முகவடிவு

இடம்: திருவான்மியூர்
நாள்: 3-2-1975