காற்று ஏறும்வரை

தலைக்குக் குளித்து மூன்று மணி நேரமாகிறது. இன்னும் முடியில் டீசல் புகை வாசம் போகவில்லை. சூடேறாத எஞ்சின் முதல் இருமலில் விடுமே, அந்த வெள்ளைப் புகை. மேல்மலை போய்வந்த நாளெல்லாம் உங்கள் சட்டையில் இந்த வாசம்தான் இருக்கும். துவைக்கத் துவைக்கத் திட்டுவேன். இன்று அது என் தலையில் ஏறிக்கொண்டது. சோறுகூட வடிக்காமல் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆமாங்க, நம் லாரியை மலைக்கு நானே ஓட்டிப் போய்த் திரும்பிவிட்டேன்.

சித்திரையில் நீங்கள் போன பிறகு வண்டி இரண்டு மாதம் வாசலில் சும்மா நின்றது. என் அண்ணன் வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, “இரும்புக் கடைக்குப் போட்டுறலாம் அம்மணி” என்றார். வண்டிக்கு வயது இருபத்திரண்டு, எனக்கு நாற்பத்தெட்டு, போடுவதானால் முதலில் என்னைப் போடுங்கள் என்றேன். அண்ணன் அதோடு கிளம்பிவிட்டார். நீங்கள் பிடிவாதமாக எடுக்கவைத்த ஹெவி லைசென்ஸ் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு தேங்காய், தக்காளி என்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓட்டிப் பழகினேன். மலை லோடுக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை. போன வாரம்தான் உங்களுடைய கேரட் தோட்டக்காரர் பேசினார். “ஒரு நடை பாப்போங்கக்கா. சரியா வந்தா சீசன் முழுக்க உங்க வண்டிதான். இல்லேன்னா வருத்தப்படக் கூடாது” என்றார்.

நேற்று சாயங்காலம் லோடு ஏற்றி, ராத்திரிக் குளிரில் உறைந்துவிடாமலிருக்க ரேடியேட்டர் தண்ணீரை உங்களைப் போலவே வடித்துவிட்டு, கேபினில் படுத்தேன். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல், அவ்வளவுதான். பேட்டரி படுத்துவிடுமே என்று உடனே நிறுத்திவிட்டேன். வண்டி தோட்டத்துச் சந்தில் இறக்கம் பார்த்து நின்றது, முன்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து. லோடு ஏற்றியவர்களில் ஒருவர், “கல்ல எடுத்தாத் தானா உருண்டு ஸ்டார்ட் ஆயிரும்க்கா” என்றார். தோட்டக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எட்டு மணிக்குள்ள கெளம்பலேன்னா மார்க்கெட் ஏலத்துக்குச் சேராதுங்க. வேற வண்டிக்கு மாத்திருவேன்.”

கல் என்றதும் எனக்கு எந்த நாள் ஞாபகம் வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

நம் ஊரில் பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளுவார்கள், செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்தத் தரைக்காட்டுப் புத்தியோடுதான் பதினொரு வருடத்துக்கு முன் முதல் தடவை மலையேறினோம். தள்ள ஆள் தேடக் கூடாதென்று இதே சந்தில் இறக்கம் பார்த்து நிறுத்தினோம். நம் வண்டியின் பிரேக் காற்றழுத்தத்தில் பிடிப்பது. ஒரு ராத்திரி நின்றால் அந்தக் காற்று இறங்கிவிடும், எஞ்சின் ஓடினால்தான் மறுபடி ஏறும்; எவ்வளவு ஏறியிருக்கிறதென்று கேபினில் இருக்கும் மீட்டர் முள் காட்டும். தரையில் அது ஒரு விஷயமே இல்லை. மறுநாள் காலையில் எஞ்சின் பிடிக்கவில்லை. “செத்த பொறு புள்ள, காத்து முள்ளப் பாத்துக்கிறேன்” என்று கேபினிலிருந்து சொன்னீர்கள். நான் கெட்டிக்காரி, அதற்குள் ஜாக்கி ராடால் நெம்பிக் கல்லை உருவிவிட்டேன்.

கைப்பிரேக் தாங்கவில்லை. லோடோடு வண்டி உருண்டது. நீங்கள் மிதித்த பிரேக்கில் ஒன்றுமே இல்லை. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் ஒடித்து மண்மேட்டில் கொண்டுபோய் முட்டினீர்கள். நெற்றியில் ரத்தம் வழிய இறங்கி, முதலில் என்னைத்தான் பார்த்தீர்கள். நான் ராடும் கையுமாக நின்றிருந்தேன். ஓடிவந்தவர்களிடம், “நாந்தேன் எடுக்கச் சொன்னேன். என் அவசரம்” என்றீர்கள்.

அன்று முதல் அது உங்கள் தப்பாகவே இருந்தது. டீக்கடையில் கேலி பேசினார்கள். மாப்பிள்ளைக்கு மலை ஆகாது என்று என் அண்ணனே சொல்லிச் சிரித்தார். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். ஒரு தடவை நான் அழுதுகொண்டே, “ஏனுங்க, எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிறட்டுங்களா” என்று கேட்டேன். “விடு புள்ள. தப்ப ஓட்டுறவன் பேர்லதேன் எழுதுவாக” என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன். விட்டது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

இன்று காலை, கல்லில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். டீக்கடை அம்மாவிடம் கை பொறுக்கும் சூட்டில் இரண்டு குடம் தண்ணீர் வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினேன். கால் மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டு இன்னும் இரண்டு குடம். டீசல் ஏறக் கைப்பம்பு அடித்தேன், விரலெல்லாம் மரத்துப்போனது. மூன்றாவது தடவை சாவியைத் திருப்பியபோது எஞ்சின் இருமி, நின்றுவிடுவதுபோல் மிரட்டி, அப்புறம் பிடித்துக்கொண்டது. இறங்கிப் பார்க்கலாமென்று பின்பக்கம் போனேன், மொத்தப் புகையும் என் மேல்தான்.

மணி ஏழு இருபது. கல்லை எடுக்க ஒருவர் குனிந்தார். நான் போய் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கேபினில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன், முள் இன்னும் சிவப்பில் நின்றது.

“அதான் ஓடுதேங்க. இன்னும் என்ன?” என்றார் தோட்டக்காரர். குரலில் கோபம் வந்துவிட்டது.

“காத்து ஏறணுங்க. இதே சந்துல எங்க வண்டி உருண்டுச்சே, ஞாபகம் இருக்குங்களா?”

“இருக்கு. உங்க வீட்டுக்காரர் அவசரப்பட்டு...”

“அவரு இல்லீங்க. அவரு பொறுன்னுதான் சொன்னாரு. கல்ல உருவுனது நானு.”

சொல்லிவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால். எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். தோட்டக்காரர் என் பக்கம் நெருங்கி வந்தார். “அந்த மனுசன் பதினொரு வருசமா எங்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டே இருந்தாரேம்மா” என்றார். அப்புறம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் கேபினில் ஏறிப் பிரேக்கை மிதித்துக்கொண்டேன். முள் பச்சைக்கு வந்து, நிறைந்த காற்று புஸ்ஸென்று வெளியேறியதும் அவரே குனிந்து கல்லை எடுத்தார். எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கிளம்பினேன். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. ஏலத்துக்குச் சேர்ந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் அவரிடமிருந்து போன், “செவ்வாக்கிழமை வந்துருங்க.”

நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்குப் போகாது. ஆனால் என்னை ஒருவரிடமும் விட்டுக்கொடுக்காத மனிதரின் பக்கத்து சீட்டில் இத்தனை வருடம் உட்கார்ந்து போயிருக்கிறேன். அந்தத் தெம்பு என்னிடம் அப்படியே இருக்கிறதுங்க. செவ்வாய்க்கிழமை போய்வருகிறேன்.