பெஞ்சாக அறுக்கப்பட்ட ஆறாட்டுவிளைத் தெருச் சுமைதாங்கி

அனுப்புநர்
ச. கோமளவல்லி (வயது 71),
ஓய்வுபெற்ற மகப்பேறு செவிலியர்,
ஆறாட்டுவிளைத் தெரு, நாகர்கோவில்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பொருள்: சுமைதாங்கியைப் பெஞ்சாக்கி, அதன் எழுத்துக்கல்லைக் கழிப்பிடத்தில் போட்டது – மீட்டு நிறுவக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நகரின் பழைய கட்டடங்களையும் சின்னங்களையும் பார்க்க வருவோருக்கான நடைபாதையில் எங்கள் தெருச் சுமைதாங்கியும் சேர்க்கப்பட்டது. சந்தோஷப்பட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் பெயரால், வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்கக் கல் நாட்டுவது நம் பக்கத்து வழக்கம். இது என் தகப்பனாரின் அக்கா பகவதியம்மைக்கு நாட்டியது. பத்தொன்பது வயதில் இறந்தவர். அவருக்குப் படம் கிடையாது. அவர் பெயரும் கொல்லம் 1098 (ஆங்கிலக் கணக்கில் 1923) என்ற ஆண்டும் அந்தக் கல்லில் மட்டுமே உண்டு.

3. சென்ற மாதம் நான் குலசேகரத்தில் மகள் வீட்டில் இருந்த நான்கு நாளில், அழகுபடுத்தும் வேலை எடுத்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தோளுயரத் தூண்கள் இரண்டையும் முழங்கால் உயரத்துக்கு அறுத்து, மேல்கல்லை அவற்றின்மேல் வைத்து, பச்சை எனாமல் பூசிவிட்டார்கள். கேட்டதற்கு மேற்பார்வையாளர் முருகதாஸ் சொன்ன பதில்: "இம்புட்டு ஒசரத்துல பெஞ்சு கெடந்தா எவன் ஏறி இருப்பான்?" விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது பெஞ்சு என்றே அவர் நம்பியிருக்கிறார். தெருவில் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாய் முத்து உதிர்ந்திருக்காது.

4. தூணிலிருந்து அறுத்த, எழுத்து இருந்த துண்டைத் தேடினேன். தெருமுனையில் அதே ஆட்கள் கட்டிய சிறுநீர்க் கழிப்பிடத்தின் வாசலில், எழுத்து மேலே தெரிய, மிதிகல்லாகக் கிடக்கிறது. ஐயா, முப்பத்திரண்டு வருடம் பிரசவ அறையில் நின்றவள் நான். ரத்தத்துக்கும் மலத்துக்கும் முகம் சுளித்ததில்லை. அங்கே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். என் அத்தையின் பெயரில் மூத்திரம் தேங்கி நிற்கிறது. அதன்மேல் பாக்கு எச்சிலைத் துப்பி, செருப்புக் காலோடு ஏறிப் போகிறார்கள். பெஞ்சருகே "பாரம்பரியத்தைப் போற்றுவோம்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். படிக்கவே அருவருப்பாக இருக்கிறது.

5. ஆகவே, எழுத்துக்கல்லை உடனே அங்கிருந்து எடுக்கவும், மயிலாடிக் கல்தச்சர்களைக் கொண்டு தூண்களைப் பொருத்திச் சுமைதாங்கியைப் பழைய உயரத்தில் நிறுத்தவும், அதுவரை அந்தப் பலகையைக் கழற்றவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கல்லைக் கழுவும் வேலையை மட்டும் அந்த ஆட்களிடம் விட வேண்டாம். எடுத்துத் தந்தால் போதும், நானே கழுவிக்கொள்கிறேன்.

இடம்: நாகர்கோவில்
நாள்: 14.10.2025

இப்படிக்கு,
பகவதியம்மையின் மருமகள் முறையில்,
(ஒப்பம்) ச. கோமளவல்லி