செப்பறைக்கு வரவழைத்த மழை

"அக்கா, நான் கப்பலேறிப் போயிட்டா, என்னை எங்கேயிருந்து கூப்பிடுவே?" என்று மும்மதிலூர்த் துறைமுகப் படியில் நின்று கேட்டுவிட்டு, மறுமொழி கிடைக்காமலே கடல் கடந்து மணமகளாகச் சென்ற பவளத்தீவின் பட்டத்தரசி, முத்துக் குளிப்போர் முதல் வலை உலர்த்துவோர் வரை யாவரும் தாயென வணங்கும் வஞ்சுளவல்லி நாச்சியார் திருமுன்பு, உப்பாற்றின் இரு கரைகளையும் உடைய மும்மதிலூர் வேந்தி, தங்கள் தமக்கையார் கொன்றைநாச்சியாரின் அரண்மனையிலிருந்து வரையப்படும் ஓலை.

தங்கள் தீவில் காற்று அளவோடு வீசுக. வலைகள் கிழியாதிருக்க. அரண்மனைக் கிணற்றில் உப்புக் கரிக்காதிருக்க. தங்கள் தலைவலி இப்பருவத்தில் வராதிருக்க.

தாங்கள் அனுப்பிய ஓலை வந்து சேர்ந்தது. அக்காள் தனியாகப் பேசட்டும் என்று ஆசையாய் அனுப்பிய ரூட்டரைப் பூட்டிவைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டதும், பலமுறை அழைத்தும் மும்மதிலூரிலிருந்து ஒரு குரலும் வராததும், அதனால் தமக்கையாரின் எண்ணைத் தடுத்துவிட்டு இனி அழைப்பதில்லை என்று முடிவு செய்ததும் அவ்வோலையில் கண்டிருந்தன. வாசித்து முடித்தபோது கொன்றைநாச்சியார் சாப்பாட்டு இலையின் முன் இருந்தார். இலையை மடித்துவிட்டு எழுந்தார். அன்று அரண்மனையில் யாரும் வயிறார உண்ணவில்லை.

இனி நடந்ததை நடந்தபடி உரைப்பது.

கடலடியில் கிடந்த பழைய கம்பி சென்ற ஆண்டுப் புயலில் அறுந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அந்தக் கம்பியின் இந்த முனையில் இருந்த தொலைபேசி அத்தாணி மண்டபத்தின் நடுத்தூணில் இருந்ததையும் அறிவீர்கள். தங்கள் அழைப்பு வரும்போதெல்லாம் அமைச்சர், சமையலாள், யானைப் பாகன் என எல்லோரும் தூணைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். தங்கள் சிரிப்பு அந்தக் கருவிக்கு வெளியேயும் கேட்கும், கேட்டவர்களும் சிரிப்பார்கள். தமக்கையாரோ அத்தனை பேர் நடுவில், சுருண்ட கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு "ம்" என்பார். மறுபடியும் "ம்" என்பார். "அக்கா, உனக்கு அந்த ஓர் எழுத்துதான் தெரியுமா?" என்று தாங்கள் கேட்டது மண்டபம் முழுவதும் கேட்டது. அதற்கும் அவர் "ம்" என்றே சொன்னார். பேச நினைத்ததையெல்லாம் பிறகு தம் அறையில், கடல் பார்த்த சாளரத்தின் முன் நின்று, தங்களுக்குக் கேட்காது என்று தெரிந்தே சொல்லிக்கொண்டிருப்பார். இதைத் தாங்கள் எப்படியோ அறிந்துதான் கம்பி வேண்டாத கருவியை அனுப்பினீர்கள் என்பது அவர் எண்ணம்.

ஆனால் தங்கள் கப்பல் துறை சேர்ந்தபோது, மும்மதிலூரின் பழைய வழக்கம் படியிலேயே காத்து நின்றது. கடல் கடந்து வந்த பொருள் எதுவாயினும், பருவத்தின் முதல் மழை கருவூலக் கூரையில் விழும் ஓசை கேட்கும்வரை, கருவூலத்துச் செப்புச் சுவர் அறையாகிய செப்பறையை விட்டு வெளிவரலாகாது. முந்தைய பருவத்தில் தாங்கள் அனுப்பிய கைபேசிகளும் அவ்வாறே இருந்து, மழை கேட்டு, வெளிவந்து, இன்றுவரை படம் எடுக்கவும் இருட்டில் விளக்கடிக்கவுமே பயன்பட்டன.

கருவூலநாயகம் மழவராயர் ரூட்டரைப் பட்டுத்துணியில் பொதிந்து தாமே சுமந்து சென்றார். தங்கள் நாட்டிலிருந்து உடன் வந்த கம்பியாளர், வழிநெடுகக் கப்பலிலிருந்து கடலடியில் இறக்கிவந்த புதிய ஒளிக்கம்பியைத் துறைமுகத்திலிருந்து இழுத்துவந்து, எங்கே பொருத்துவது என்று கேட்டார். செப்பறைக்குள் என்றார் மழவராயர். "சுவரும் செம்பு, கதவும் செம்பு. வெளியே கைபேசியில சிக்னல் கோடு வராதுங்க" என்றார் அவர். "உள்ளே இருப்பது வெளியே வராமல் காப்பதற்குத்தானே ஐயா கருவூலம்?" என்றார் மழவராயர், பாராட்டுப் பெற்றவர்போல் மகிழ்ந்து. கம்பியாளர் காற்றுத் துளை வழியே கம்பியைச் செருகி, பெட்டியை இணைத்துவிட்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார்.

அன்று முதல் காலைதோறும் மழவராயர் அரியணை முன் வந்து, "ரூட்டர் நலம். பச்சை விளக்குகள் அனைத்தும் எரிகின்றன. யாரும் அணுகவில்லை" என்று அறிவித்துவந்தார்.

அணுகாமல் இல்லை. அரண்மனையார் எல்லோரும் கைபேசியோடு செப்புக்கதவில் ஒட்டிக்கொண்டுதான் நின்றார்கள். மடைப்பள்ளித் தலைவி செண்பகக்குட்டி கதவிடுக்கில் கைபேசியைச் செருகி, "ஒரு கோடு வந்துச்சு!" என்று கத்துவாள். பார்க்க எல்லோரும் ஓடுவார்கள். "போயிடுச்சு. நீங்க மூச்சு விட்டதுல பறந்துடுச்சு" என்பாள். யானைப் பாகன் கேட்டான்: "உனக்கு அந்த ஊர்ல யாரு இருக்கா, இப்படித் தவங்கிடக்கிறே?" "யாரும் இல்லை. அங்கே என்ன குழம்பு வைக்கிறாங்கன்னு பார்க்கணும்" என்றாள்.

கொன்றைநாச்சியார் மட்டும் அங்கே வரவில்லை. அரசி கதவிடுக்கில் காத்து நிற்பதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம். வழக்கத்தை மீறச் சொல்லவும் வாய் வரவில்லை. கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு தம் சாளரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். அது ஒளிரவில்லை. தங்கை அழைக்கவில்லை போலும், கப்பல் வேலையில் மறந்திருப்பாள் என்று தம்மையே தேற்றிக்கொண்டார். அங்கே தாங்கள் அழைத்து அழைத்துச் சலித்தீர்கள். இங்கே இவர் காத்துக் காத்து இளைத்தார். இடையில் இருந்தது ஒரு செப்புக்கதவு மட்டுமே.

மழையும் இவ்வாண்டு பிந்தியது.

தங்கள் ஓலை வந்த மறுநாள் உச்சிப்பொழுதில் கொன்றைநாச்சியார் மடைப்பள்ளிக்குப் போய், செண்பகக்குட்டியிடம் பெரிய தண்ணீர்க் குடம் ஒன்று கேட்டார். குளிக்கவா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். குடிக்கவா? இல்லை. "வேற எதுக்குத் தாயே?" "ஏணியும் வேணும்" என்றார் தேவியார்.

இங்கே தாங்கள் சிரித்திருப்பீர்கள். தங்களுக்குத் தெரியும். சிறுபிள்ளையாய் இருந்தபோது, சீனக் கப்பலில் வந்த தலையாட்டிப் பொம்மை செப்பறையில் அடைபட்டதற்காகக் கருவூலக் கூரையில் ஏறிக் குடம் குடமாய்த் தண்ணீர் கொட்டி, "மழை வந்தாச்சு, கதவைத் திறங்க!" என்று கூவியவர் தாங்கள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவர் தமக்கையார். அன்று புதிதாய்ப் பதவியேற்றிருந்த மழவராயர் ஓசை கேட்டுக் கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து காய்ந்த முற்றத்தைப் பார்த்துத் திகைத்து நின்றதை அரண்மனை இன்னும் பேசுகிறது.

இம்முறை ஏணியைப் பிடித்தது செண்பகக்குட்டி. மேலே ஏறியது மும்மதிலூரின் வேந்தி. பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, முற்றம் முழுவதும் ஆட்கள் பார்த்து நிற்க, ஒரு படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினார். முதல் குடம் பாதி அவர்மேலேயே கொட்டியது. கீழிருந்து நிரப்பி ஏற்றிக் கொடுத்த இரண்டாவது குடம் ஓடுகளில் சடசடவென்று விழுந்தது.

செப்பறை வாசலில் அமர்ந்திருந்த மழவராயர் எழுந்தார். தலைக்குமேல் வெயில் அடித்தது. கூரையின் விளிம்பில், நனைந்த கூந்தலோடு தம் அரசி நிற்பதைப் பார்த்தார்.

"மழவராயரே, மழை" என்றார் தேவியார். அவர் குரல் அந்த முற்றத்தில் அவ்வளவு உரக்கக் கேட்டது அதுவே முதல் முறை.

"கேட்டது தாயே. நல்ல மழை" என்ற மழவராயர், திறவுகோலை எடுத்தார். "சின்னவங்க பெய்விச்சதைவிடக் கொஞ்சம் குறைவுதான்" என்றும் சொன்னார்.

ரூட்டரை எங்கே வைப்பது என்பதில் அடுத்த வழக்கு எழுந்தது. அமைச்சர் அரியணைக்குப் பின்னால் வைத்தார்; அரியணையில் அமர்ந்தவருக்கு மட்டுமே கோடு வந்தது. அது முறையே என்றும் அவர் வாதிட்டார். கொன்றைநாச்சியார் பெட்டியை வாங்கிக்கொண்டு நேரே மடைப்பள்ளிப் படிக்கட்டுக்குப் போனார். படி திரும்பும் இடத்தில், முற்றத்தைப் பார்த்துத் திறந்த மாடம் ஒன்று இருக்கிறதே, கண்ணாமூச்சி ஆட்டத்தில் தாங்கள் ஏறி நின்று "எல்லாரும் ஒளிஞ்சாச்சா?" என்று கத்தும் மாடம், அங்கே வைத்தார். அந்த இடத்திலிருந்து தாங்கள் கத்தினால் எந்த அறையில் ஒளிந்திருந்தாலும் கேட்கும். கேட்டதும் தமக்கையாருக்குச் சிரிப்பு வந்து அகப்பட்டுக்கொள்வார். குரல் போன வழியில் இதுவும் போகாதா என்பது அவர் கணக்கு. கம்பியை அங்கே இழுத்துப் பொருத்தியதும், மூன்று மதில்களுக்குள் இருந்த கைபேசிகள் எல்லாம் ஒருசேர ஒலித்தன. யானைகூடத் திரும்பிப் பார்த்தது.

பிறகு அந்த வைஃபைக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. அரசப் புலவர் வேந்தியின் பட்டங்கள் அனைத்தையும் வரிசையாய் இடச் சொன்னார். பெட்டி அத்தனை நீளத்தை ஏற்கவில்லை. தேவியார் கைபேசியை வாங்கித் தாமே ஒரு சொல்லை இட்டார். இப்போது மும்மதிலூர் அரண்மனையில் யார் கைபேசியைத் திறந்தாலும் முதலில் தெரியும் பெயர் 'வாயாடி'. அது யார் என்று புதியவர்கள் கேட்கிறார்கள். பழையவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள்.

இப்போது அவரவர் மூலையில் அவரவர் பேச்சு. செண்பகக்குட்டி அடுப்படியில் தங்கள் நாட்டுக் குழம்பைப் பார்க்கிறாள். நடுத்தூணைச் சுற்றி யாரும் கூடுவதில்லை; பழைய தொலைபேசியைத் துடைக்கிறவர்கள் துடைத்துவிட்டுக் கொஞ்சம் நின்று போகிறார்கள். கடல் பார்த்த அறையிலும் கோடுகள் முழுதாய் வருகின்றன. யாரும் கேட்காமல் பேசலாம். ஆயினும் கொன்றைநாச்சியார் பொழுதெல்லாம் படிக்கட்டு மாடத்தில், போவோர் வருவோர் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார். தடுக்கப்பட்ட எண்ணிலிருந்து அவர் அழைத்தால் தங்களைச் சேராது. ஆகவே, காற்றில் குரல் போகும் காலத்திலும் இந்த ஓலை கப்பலேறுகிறது.

தாங்கள் துறைமுகப் படியில் கேட்ட கேள்விக்கு, நங்கூரக் கயிற்றைப் பார்த்து நின்றுவிட்ட தமக்கையாரின் மறுமொழி இது: நீ நின்று கத்திய மாடத்திலிருந்து.

இவ்வோலை கண்ட பொழுதே தடையை நீக்கி அழைக்கவேண்டும் என்பது உப்பாற்று வேந்தியின் ஆணை. பவளத்தீவின் அரசிக்குப் பிறநாட்டு ஆணை செல்லாது எனில், அக்காள் கேட்கிறாள் என்று கொள்க. அதுவும் போதாதெனில், கூரையேறி நனைந்ததில் அவர் தடிமன் பிடித்துத் தும்மிக்கொண்டிருக்கிறார் என்பதையும் அறிக. வாயாடியின் விளக்குகள் நான்கும் பச்சையாய் எரிகின்றன. இது மெய்.

எழுதி முடித்து ஓலை வாசித்துக் காட்டப்பட்டது. தேவியார் எதையும் மாற்றச் சொல்லவில்லை. அரக்கு உருக்கி, உப்பாற்று மீன் முத்திரையைத் தம் கையாலேயே அழுத்தினார். கப்பல் தூதர் ஓலையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, வாய்ச்சொல்லாகவும் ஏதேனும் சொல்லவேண்டுமா என்று பணிவோடு கேட்டார். கொன்றைநாச்சியார் கைபேசியை எடுத்துக்கொண்டு, படிக்கட்டு மாடத்துப் பக்கம் நடந்து போனார்.