பதினேழாம் எண்

அன்புத் தங்கைக்கு,

உன் ஆய்வு அட்டையில் இருக்கும் எண் என்னவென்று நான் கேட்கலாமா? எனக்கே பதில் தெரியவில்லை.

புது மாத்திரையைச் சோதிக்கும் ஆறு மருத்துவமனைகளுக்கும் கூட்டம் கூட்டுவதும் தாள் அனுப்புவதும்தானே என் வேலை? இன்று நீ மாத்திரை வாங்கும் மருத்துவமனையிலிருந்து ஒரு தாள் வந்தது. பதினேழாம் எண்ணுக்குக் கல்லீரல் கெட்டுவருகிறதாம். நாளை காலை வரவழைத்துச் சேர்க்கிறார்கள்.

"யாருங்க அது?" என்று தாளை அனுப்பிய மருத்துவரிடம் கேட்டுவிட்டேன்.

"பேர் நமக்கு எதுக்கு மேடம்? நம்பர் போதும்" என்றார். அந்த விதியைத் தட்டச்சு செய்து ஆறு இடத்துக்கும் அனுப்பியவள் நான்தான்.

உன்னை இதில் சேரச் சொன்னதும் நான்தான். "நீ குடுத்தா விஷத்தையும் முழுங்குவேன்க்கா, கொஞ்சம் சர்க்கரை போட்டுக் குடு" என்று சிரித்தாய். இரண்டு முறை போனை எடுத்து, வைத்துவிட்டேன். என் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் மதியம்: காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பிறகு உன் மருத்துவமனைச் செவிலி அழைத்தார். "பதினேழு வந்து சேந்துட்டாரு மேடம். பஸ் டிரைவராம், ரொம்பப் பயந்திருக்காரு."

ஆண் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான், "கூட யாரு இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அவரோட அக்கா மேடம். இதுல சேரச் சொன்னதே அவங்கதானாம். உள்ள வராம வாசல்லயே நிக்கறாங்க."

உன் அக்கா