ஒரே குழாயில் இரண்டு லைன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்டுவிட்டேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. போனில் எழுதினால் நீ பார்த்தும் பார்க்காதவன் மாதிரி இருந்துவிடுகிறாய். அதனால் அங்கே வேலைக்கு வரும் மாமா பையனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவனுக்குச் சாப்பாடு போடு, பாவம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் வடிகால் தோண்ட வந்த இயந்திரம், கணினி கேபிள் போகிற மேற்குப் பக்கக் குழாயை வெட்டிவிட்டது. கணினி அறையில் இருந்த எனக்கு முதலில் பதற்றமே இல்லை. பரிசோதனைக்கூடத்துக்கும் ஆபரேஷன் கட்டடத்துக்கும் நடுவே மேற்கில் ஒரு லைன், கிழக்கில் ஒரு லைன். ஒன்று அறுந்தால் இன்னொன்று தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். அதற்காகத்தானே உன்னை வைத்து இரண்டாகப் போட்டோம்? "ஒரு நிமிஷம் பொறுங்க, வந்துடும்" என்று எல்லோரிடமும் தெம்பாகச் சொன்னேன். வரவே இல்லை.

அந்த நேரம் ஆபரேஷன் மேசையில் ஒரு பெண். பிரசவம் சிக்கலாகி ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு திரையில் வராததால், நர்ஸ் ஒருத்தி தாளைப் பிடித்துக்கொண்டு கட்டடத்துக்குக் கட்டடம் ஓடினாள். குழந்தை நலம். தாய் பிழைத்துவிட்டாள், ஆனால் இன்னும் தீவிர சிகிச்சையில்தான் இருக்கிறாள்.

நானே பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். அறுந்த நீலக் கேபிளுக்குப் பக்கத்திலேயே மஞ்சள் கேபிளும் அறுந்து கிடந்தது. மஞ்சள் கிழக்கே போக வேண்டியது. கிழக்குச் சுவரில் நீ மாட்டிய பெட்டிக்குக் கீழே தோண்டச் சொன்னேன். குழாய் மண்ணுக்குள் இறங்கியதும் சுவரோரமாகவே திரும்பி, மேற்குக் குழாயில் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பெட்டி வெறும் கண்துடைப்பு. மாதாமாதம் ஒரு லைனின் பிளக்கைப் பிடுங்கிச் சோதிப்பேன். மற்றது சமர்த்தாக ஓடும். பிளக்கைத்தானே பிடுங்க முடியும்? மண்ணுக்குள் இருப்பதற்கு என் தம்பியை நம்பினேன்.

கிழக்கே தோண்டினால் பாறை, உனக்கோ வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுகிற அவசரம். புரிகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? பாறையை உடைக்க வேறு ஆளைப் பிடித்திருப்பேன்.

இதைக்கூட நான் பொறுத்திருப்பேன். மேலாளர் என்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் உன்னைக் கூப்பிட்டார். நான் கூப்பிட்டால் எடுக்காதவன் அவருக்கு உடனே எடுத்தாய். நான் இருப்பது உனக்குத் தெரியாது. "அக்காதான் சார் ரெண்டையும் ஒரே குழாயில விடச் சொன்னாங்க. எனக்கென்ன தெரியும்?" என்றாய். குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லையடா. மேலாளர் என் முகத்தைப் பார்த்தார். இப்படிக் காலை வாரிவிட உனக்கு எப்படி மனசு வந்தது?

இப்போது கணினி அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. நான் சொல்லித்தான் செய்தாய் என்று முடிவானால் வேலை போய்விடும். அதோடு, அந்தப் பெண்ணைச் சாகடிக்கப் பார்த்தவள் என்ற பெயரும் நிற்கும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ தினமும் போனில் பேசுகிறாய் என்று அவளிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், அதில் மாற்றமில்லை. திங்கட்கிழமை விசாரணையில் உன்னை மறுபடி ஸ்பீக்கரில் கூப்பிடுவார்கள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் அந்த அறையில்தான் உட்கார்ந்திருப்பேன் தம்பி. அது தெரிந்துகொண்டு பேசு.

உன் அக்கா