ஒரே தாளில் இரண்டு ஃபிட்

ஜூன் 9
காலையிலிருந்து மேகமூட்டம். மழை இல்லை. தபாலில் ஆர்டர் வந்தது. தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர் வேலை. மூன்று தடவை பரீட்சை எழுதித் தோற்று, நாலாவதில். அண்ணன் லாரியோடு ஓசூர் பக்கம். போனில் அவன் கத்தல், கூடவே ஹாரன்.

ஆர்டரின் கடைசி வரி: சேரும்போது ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட் வேண்டும். தருமபுரி பெரியாஸ்பத்திரியில் வாங்க வேண்டும்.

அம்மா: "அங்க போயி ஃபிட்ஸ் வரும்னு ஒளறி வெக்காத. நாலு வருசமா வரல இல்ல? வாய மூடிக்கிட்டுப் போய்ட்டு வா."

மாத்திரை போட்டேன்.

ஜூன் 10
நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை. சந்தை நாள், கூட்டம். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன், ஆர்டரோடு வந்த என் மருத்துவப் படிவம் வெறுமையாக இருக்கிறது. ஏழாவது கேள்வி: எப்போதாவது ஃபிட்ஸ் வந்ததுண்டா? அடியில் டாக்டர் கையெழுத்துக்கு மேலே: இவர் வேலைக்கு ஃபிட். ஒரே தாள், ஒரே சொல்.

இன்று காதில் விழுந்தவை:
– தையல்கடை அக்கா: "தோள்பட்ட ஃபிட்டா இல்ல. பிரிச்சுத் தைக்கணும்."
– கடைக்கு வந்த பிளம்பர், போனில்: "ஃபிட்டிங் நாளைக்குதாங்க."
– பஸ்சில் ஒருவர்: "எழுவது வயசு. இன்னும் செம ஃபிட்டு."

காலேஜ் ஹாஸ்டலில் எனக்கு வைத்திருந்த பேர்: ஃபிட்ஸ் கேஸ்.

ஜூன் 11
வெயில். பி.ஏ. படிக்கும்போது வாங்கிய ஆங்கில அகராதியைப் பரணிலிருந்து இறக்கினேன். தும்மல்.

ஃபிட்: தெம்பு. தகுதி. அளவு சரியாக இருப்பது. மாட்டுவது, பொருத்துவது. கோபமோ சிரிப்போ திடீரென்று பொங்குவது. வலிப்பு.

எல்லாம் ஒரே சொல் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். வலிப்புக்கான ஃபிட், சண்டை என்று பொருள்படும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தகுதிக்கான ஃபிட் எங்கிருந்து வந்தது என்பது அகராதிக்காரர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. இன்னொரு ஃபிட்டும் உண்டு: பழைய பாட்டின் ஒரு பகுதி. இப்போது வழக்கில் இல்லை.

சண்டை. ரெண்டு தடவை படித்தேன். இத்தனை வருசம் வசவாகவே கேட்ட சொல். பதினாறு வயதில் தொடங்கிய சண்டை, நாலு வருசமாக என் கை ஓங்கியிருக்கிறது.

ஜூன் 12
அண்ணன் வந்தான். லாரியை எஃப்.சி.க்குக் காட்டணுமாம். அதுவும் ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட்தான். சாப்பிடும்போது கேட்டேன், மறைக்கலாமா என்று.

"போன மாசம் தொப்பூர் எறக்கத்துல பிரேக் பொகஞ்சிருச்சு பாப்பா. மெக்கானிக்குகிட்ட சொல்லாம இருந்தா நான் இன்னைக்கு இங்க உக்காந்து திங்க முடியுமா?"

அம்மா: "அது வண்டிடா. இவ பொம்பளப் புள்ள. வேலையும் போயி, நாளைக்குக் கல்யாணமும் நின்னா?"

"மறைச்சு வெச்சு ஆபீசுல விழுந்தா? நானும் கூடப் போறேன்."

அம்மா குழம்புச்சட்டியை நங்கென்று வைத்தாள்.

ஜூன் 16
பெரியாஸ்பத்திரி. ஏழாவது கேள்விக்கு "ஆம்" எழுதினேன்.

டாக்டர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "கடைசியா எப்ப வந்துச்சு?"
"நாலு வருசம் ஆச்சுங்க மேடம்."
"மாத்திரை?"
"ஒரு வேள விட்டதில்லிங்க."
"வண்டி ஓட்டுற வேலையா?"
"இல்லிங்க. உக்காந்து பாக்குற வேலை."

கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாமோ. பஸ் ஸ்டாண்டில் அண்ணன் பரோட்டா வாங்கித் தந்தான். இறங்கவில்லை. என்னுதையும் அவனே தின்றான்.

ஜூன் 17
நரம்பு டாக்டர் பழைய சீட்டெல்லாம் புரட்டினார். கேள்வி, கேள்வி, கேள்வி. ரெண்டு வரி எழுதித் தந்தார். டாக்டர் அம்மா அதைப் படித்தார்.

"பாதிப் பேர் சொல்றதே இல்லம்மா. நீ சொன்னது நல்லதாப் போச்சு. மாத்திரைய மட்டும் விட்டுறாத."

பச்சை மை. ஃபிட். சீல்.

அம்மாவுக்குப் போன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வூட்டுக்கு எப்ப வருவ? தோச ஊத்தட்டுமா?"

ஜூன் 20
தூறல். வேலையில் சேர்ந்தேன். பக்கத்து மேசை மாதம்மா மேடம், ஐம்பது வயதிருக்கும். டீ வந்தபோது நானே சொன்னேன், எனக்கு வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று.

"வந்துச்சுன்னா கையில சாவி குடுக்கணுமா?"
"வேண்டாங்க மேடம். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும். தானா தெளிஞ்சிரும்."

கொஞ்சம் யோசித்தார். என் நாற்காலியை, அதன் பின்னால் இருந்த இரும்பு பீரோவைப் பார்த்தார்.

"இது மூலை கூரா இருக்குது. அந்தப் பக்கம் தள்ளிரலாம். ஒரு கை புடி."

தள்ளினோம். நல்ல கனம். அடியில் ஒன்பது பேனா மூடி, ஒரு செத்த பல்லி. மேடம் சிரிக்க ஆரம்பித்தார். நானும்.